நாலாவது ட்ராக்கில் ஜெயன்

என் தம்பி ஷிஜுவைக் கிறுக்கன்னு ஊரே சொல்லியாச்சு. நானும் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கேன்.

எனக்கும் ஷிஜுவுக்கும் நடுவில பிறந்தவன் ஒருத்தன் இருந்தான், ஜெயன். கரமனையில வாடகை வீடு. இண்டி ராக்குன்னு தம்பிமார் ரெண்டுபேரும் சொந்தப் பாட்டாப் போட்டு வாசிப்பானுவ. ரெண்டாயிரமாம் வருஷம் முதல்முதலா ஒரு பாட்டை நாலு ட்ராக் கேசட் மெஷின்ல, ஒவ்வொண்ணையும் தனித்தனி ட்ராக்குல பிடிச்சானுவ. டிரம், பாஸ், குரல் மூணும் முடிஞ்சாச்சு. நாலாவது ட்ராக்குல ஜெயன் கிடார் பாதிதான் வாசிச்சிருந்தான். மறுநாள் கழக்கூட்டம் ரோட்டில லாரி இடிச்சு, போயிட்டான்.

மிச்சப் பாதியை வாசிச்சு அண்ணன் பாட்டை முடிக்கணும்னு ஷிஜு ஒத்தைக்கால்ல நின்னான். அதே கிடார், சத்தத்தைப் பெருக்க அதே பழைய வால்வு ஆம்ப், காலால மிதிச்சுச் சத்தத்தை மாத்துற அதே பெடலுவ. குமிழை எதுவரைக்கும் திருப்பணும்னு ஜெயனே பேனாவால கோடு போட்டு வெச்சிருந்தான். என்ன இருந்து என்ன! ஜெயன் சத்தம் தொண்டை கட்டினவன் பேசுறது போல, கரகரன்னு தளர்ந்து வரும். இவன் வாசிச்சா கணீர்னு காதைக் குத்தும். பெடல் வரிசையை மாத்தினான். மைக்கை விரல்கடை விரல்கடையா நகத்தினான். புதுக் கம்பி போட்டு, அதையும் கழத்திப் பழசையே மாட்டினான். ஜெராக்ஸ் கடை வேலையும் போச்சு. "என் விரலுதான் கொள்ளாது அக்கா"ன்னு கையைச் சுவரில அடிப்பான். ரெண்டு வருஷம், பாவி, எங்க உயிரை வாங்கினான்.

கடைசியில, "ஒரு பாட்டுல ரெண்டு சத்தம் வேண்டாம், முதல் பாதியையும் நானே வாசிச்சிடுறேன்"னான். அதே ட்ராக்குல வாசிச்சா ஜெயன் வாசிச்சது அழிஞ்சுபோகும்.

"எடேய், காப்பி எடுத்து வெச்சிட்டுச் செய்யிலே."

"காப்பி இருந்தா திரும்பவும் அதையே போட்டுக் கேப்பேன் அக்கா. இனி என்னால ஏலாது."

அழிச்சான்.

பத்து நாள் கழிச்சு, விளக்கு வைக்கிற நேரம், எங்க ஃபிரிட்ஜோட ஸ்டெபிலைசர் புகைஞ்சுது. உள்ள மீனு கெட்டுருமேன்னு ஆம்புக்கு மாட்டியிருந்த ஸ்டெபிலைசரைப் பிடுங்கி ஃபிரிட்ஜுக்குக் கொடுத்தேன். ஜெயன் போன பிறவு, கரண்டு ஏறி இறங்கி அவன் பொருள் கேடாகக் கூடாதுன்னு நான்தான் அதை வாங்கி ஆம்புக்கு மாட்டினேன். எங்க தெருவில அந்நேரம் கரண்டு நூத்தியெழுபது வோல்ட்டுக்கு இறங்கிரும், டியூப்லைட்டே எரியாது. ஜெயனோ வேலை விட்டு வந்து தினமும் அந்நேரத்துலதான், சுவர்ல நேராச் சொருகி வாசிப்பான். காப்பாத்தினேனாம் நான், காப்பாத்தினேன்!

ஷிஜு ஆம்பை நேராச் சொருகி ஒரு தட்டு தட்டினான். அந்தக் குறைஞ்ச கரண்டுல கரகரன்னு, தளர்ந்து வந்துது. அடுக்களைக்கு ஓடி வந்தான்.

"அக்கா, இதானே? அண்ணன் சத்தம் இதானே?"

ஒத்துப் பாக்க இனி எங்கே போக? ரெண்டு வருஷமா இவன் வாசிச்சதையே கேட்டுக் கேட்டு என் காதுல இவன்தான் நிக்கான். ஆமான்னு சொல்ல வாயைத் திறந்தேன்.

"எனக்கு மறந்துபோச்சுலே மக்கா"ன்னேன்.