மதினி ஊற்றிய தண்ணீர்

ஆய்வகத்து உறைபெட்டியில் இன்றும் இருக்கும் ஒரு சிறு குழாயின் மேல் என் கையெழுத்து: "குதிரைவாலி, திருச்சுழி, கார்த்திகை முதல் ஞாயிறு. இரண்டாம் வாட்டம்."

உயிரணுவுக்குள் மரபணு இழை புரதங்களில் சுற்றிக் கிடக்கும். அந்தச் சுருளுக்குக் குரோமாட்டின் என்று பெயர். சுருள் நெகிழ்ந்த இடத்தில்தான் மரபணு இயங்கும். பயிர் வாடும்போது எந்தச் சுருள் நெகிழ்கிறது என்பதே என் ஆராய்ச்சி. அண்ணனின் மானாவாரிக் காட்டில் சில செடிகளில் வாடுமுன் இலை எடுத்து, என் பெயர் எழுதிய சீட்டுக் கட்டி, வாடுவதற்காக விட்டிருந்தேன். அதே செடிகள் வாடிய பின்னும் இலை எடுத்தால்தான் ஒப்பிட முடியும். அந்தப் பருவத்தில் மாதிரி கிடைக்காவிட்டால் உதவித்தொகையோடு வேலையும் முடிந்துவிடும்.

ஐப்பசிக் கடைசியில் பெங்களூரிலிருந்து ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கினேன். காடே தலை தொங்கிக் கிடந்தது. சீட்டுக் கட்டிய செடிகள் மட்டும் பச்சையாக நிமிர்ந்து நின்றன.

"நான்தான் ஊத்துனேன்," என்றார் மதினி. "ஒம் பேரு எழுதுன செடி வாடிக் கெடந்தா பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? லாரித் தண்ணியில ரெண்டு கொடம். ஒங்கண்ணன் வேண்டாம்னுதான் சொன்னாக. அவுக பேச்ச நான் என்னைக்குக் கேட்டேன்?"

"வாடணும்னுதான் மதினி கட்டி வச்சேன்."

"நல்லாருக்கு. ஊரே மழைக்கு ஏங்குது, இவ காயட்டும்ங்கா. ஒனக்கெல்லாம் எவன் சம்பளம் குடுக்கான்?"

"இது காயலைன்னா அதுவும் இல்ல."

மதினியின் சிரிப்பு நின்றது. அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

வேறு வழியில்லாமல் சீட்டுகளை அப்படியே விட்டுவிட்டுப் போனேன். மழை பெய்யவில்லை. கார்த்திகை பிறந்ததும் அதே செடிகள் மறுபடி வாடிவிட்டன என்று மதினியே போன் செய்தார். வந்து இலை எடுத்தேன். பக்கத்துச் செடிகளில் இறுகிக் கிடந்த சில சுருள்கள், ஒருமுறை வாடித் தேறி மறுபடி வாடிய இந்தச் செடிகளில் நெகிழ்ந்திருந்தன. முதல் வாட்டத்தின் தடம் செடிக்குள் தங்கியிருக்குமோ என்று சந்தேகப்பட்டேன். தொட்டிகளில் வளர்த்துத் திரும்பச் செய்தபோதும் அப்படியே வந்தது. அந்தக் கேள்விதான் எனக்கு நிரந்தர வேலை தந்தது. இப்போது என் மாணவர்களும் அதில்தான் உழைக்கிறார்கள். வீட்டுக் குடிதண்ணீரை என் பெயருக்காகக் காட்டில் ஊற்றியவருக்கு நான் எப்படி நன்றி சொல்வது?

தண்ணீர் ஊற்றிய நாளை மட்டும் இன்னும் உறுதிப்படுத்த முடியவில்லை. வெள்ளிக்கிழமை என்கிறார் மதினி. அந்த வாரம் லாரி வந்தது வியாழன் என்கிறார் அண்ணன். கட்டுரையில் இரண்டையும் எழுதி, "சரிபார்க்கப்படவில்லை" என்று குறித்திருக்கிறேன்.