விலை ஏறினால் கிராக்கி குறையும்

போன மாதம் திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் ஒரு கல்லூரிப் பெண். காதில் ஒயர், கையில் போன். கண்ணை மூடி, உதட்டை மட்டும் அசைத்து எதையோ உருப்போட்டுக்கொண்டிருந்தாள். போன் திரையில் ஒரு படம். இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குச் சரிந்து இறங்கும் ஒரே ஒரு கோடு. வெளியூர்ச் சந்தையில் சொந்தக்காரனைப் பார்த்ததுபோல் ஆகிவிட்டது எனக்கு. "கிராக்கி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண் ஒயரைக் கழற்றினாள். "இன்னா தாத்தா?"

"ஒண்ணுமில்லம்மா. நீ படி."

முன்பின் தெரியாத பெண்ணிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? நல்லவேளை, அவள் சரியாகக் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ராஜகிரிக் கோட்டை மலை தெரியத் தொடங்கியிருந்தது. சாலையோரம் யாரோ மல்லாட்டை அவித்துக்கொண்டிருந்தார்கள். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. அந்த ஈரமண் வாசம் பஸ்ஸுக்குள் ஏறியதும் நான் பொருளாதாரம் படித்த வருஷம் முழுக்கத் திரும்பி வந்துவிட்டது.

நான் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவன் என்றால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். படித்தது புகுமுக வகுப்பு, அதுவும் ஒரே வருஷம். அறுபதுகளின் கடைசி. அதற்குமுன் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிப்போய் லாரியில் கிளீனராக இருந்தேன், காய்ச்சல் வந்து ஊர் திரும்பினேன், வேறு வேலை இல்லாததால் எஸ்.எஸ்.எல்.சி. எழுதித் தேறினேன். கல்லூரிக்குப் போனது என் யோசனையே அல்ல.

எங்கள் ஊர் செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிறிஸ்தவ ஊர். அங்கே எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண் ராயப்பன் சித்தப்பாவின் மகள் பிலோமினா. சித்தப்பா என்பது ஊர் முறைதான், ரத்த உறவு இல்லை. அவளைக் கல்லூரியில் சேர்க்கச் சொல்லிப் பங்குச் சாமியார் வந்து கேட்டபோது சித்தப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பஸ்ல தனியா எப்பிடி சாமி போவும்?"

சாமியார் சுற்றிப் பார்த்திருக்கிறார். தேறிவிட்டுச் சும்மா திரிந்துகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். கல்லூரிக் கட்டணத்துக்கும் அவரே வழி செய்தார். ஆக, எனக்கு உயர்கல்வி கிடைத்தது துணைக்குப் போன வகையில்.

கல்லூரிக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம். அது பெரிதல்ல. பஸ் நிற்கும் சாலையிலிருந்து ஊருக்கு மல்லாட்டைக் கொல்லைகளின் நடுவே ஒற்றையடிப் பாதையில் நெடுநேரம் நடக்கவேண்டும். வயசுப் பெண்ணும் பையனும் சேர்ந்து நடந்தால் ஊர் பேசும். அதனால் அவள் முன்னால், நான் நன்றாகத் தள்ளிப் பின்னால். பேசிக்கொள்ள முடியாது. ஆனால் பாடம் ஒப்பிக்கலாம், அதற்கு யார் என்ன சொல்ல முடியும்? அவள் திரும்பிப் பார்க்காமலே மாடு கூப்பிடும் குரலில் கேட்பாள்.

"தேவை விதி!"

நான் பின்னாலிருந்து கத்துவேன். "மற்றவை மாறாதிருக்கும்போது, விலை ஏறினால் தேவை குறையும்!"

களையெடுக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். "ஏண்டா, மல்லாட்டை வெலை எப்ப ஏறும்னு அதுல போட்டிருக்குதா?"

"இல்லக்கா."

"பின்ன இன்னாத்துக்கு இப்பிடி கத்திக்கினு போறீங்க? கொக்கெல்லாம் ஓடிப்போச்சு."

புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. பரீட்சையைத் தமிழில் எழுதலாம் என்று அப்போதுதான் சொல்லியிருந்தார்கள். விரிவுரையாளரும் எங்களோடு சேர்ந்து வார்த்தை தேடிக்கொண்டிருந்தார். டிமாண்டுக்குத் 'தேவை' என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்ன அன்று, வாயே திறக்காத பிலோமினா எழுந்து நின்றாள்.

"தேவை வேற சார். தேவை எங்களுக்குந்தான் இருக்குது, வாங்கத்தான் முடியல. வாங்குறவன் தேடிக்கினு வந்தாத்தான் அது டிமாண்டு. எங்க ஊர்ல அதுக்குக் கிராக்கின்னு பேரு."

வகுப்பு சிரித்தது. விரிவுரையாளர் சிரிக்கவில்லை. அர்த்தம் அதுதான், ஆனாலும் பரீட்சையில் தேவை என்றே எழுது என்றார். அன்றிலிருந்து பையன்கள் அவளைக் 'கிராக்கி' என்றே கூப்பிட்டார்கள். பிகு பண்ணிக்கொள்பவள் என்றும் அதற்கு அர்த்தம் உண்டே. அவள் கண்டுகொள்ளவில்லை. வழிநடைப் பாடத்தில் மட்டும் தேவை விதி கிராக்கி விதி ஆயிற்று. 'மற்றவை மாறாதிருக்கும்போது' என்ற நீளமான முன்பாதியையும் தொண்டை நோகிறதென்று நாளடைவில் இருவரும் விட்டுவிட்டோம்.

இன்னொரு விதியும் இருந்தது. ஒரு பொருளைத் தின்னத் தின்ன அடுத்ததில் கிடைக்கும் பயன் குறைந்துகொண்டே போகும் என்பது. உதாரணம் எப்போதும் கமலா ஆரஞ்சு. காலையில் கூழ் குடித்துவிட்டு வந்த நாங்கள் இருவரும் அதுவரை ஆரஞ்சு தின்றதில்லை. பல வருஷம் கழித்து நாகபுரியில் லாரி நின்றபோது ஒரு கூடை பழத்தை முன்னால் வைத்துக்கொண்டு சோதித்துப் பார்த்தேன். பயன் குறையவே இல்லை, வயிறுதான் கடுத்தது.

பொங்கல் முடிந்ததும் பிலோமினாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. அவலூர்பேட்டைப் பக்கத்துக் குடும்பம், பையனுக்கு ரயில்வேயில் வேலை. தவக்காலம் வந்துவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது, அதற்குள் முடிக்கவேண்டும் என்று அவசரப்பட்டார்கள். பரீட்சையோ ஏப்ரலில். சம்மதம் ஆகிவிட்டால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் கல்யாண ஓலை வாசிப்பார்கள், அதோடு கல்லூரி முடிந்தது. பெண்ணிடம் கேட்கும் வழக்கம் இல்லை. அந்த வாரம் முழுவதும் பாதையில் அவள் கேள்வியே கேட்கவில்லை. நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

எங்களில் முன்பெல்லாம் பையன் வீட்டார்தான் பெண்ணுக்குப் பரிசம் கொடுப்பார்கள். பையன்கள் சம்பளக்காரர்கள் ஆனதும் அது தலைகீழானது. இவர்கள் கைக்கடிகாரமும் சைக்கிளும் கேட்டிருந்தார்கள். 'மாப்பிள்ளைக்கு ரொம்பத்தான் கிராக்கி' என்று ஊர்க் கிணற்றடியில் பேச்சு. அது பையனின் அம்மா காதுக்கும் போயிருந்தது என்பது எங்களுக்குத் தெரியாது.

ஞாயிறு பூசை முடிந்து பெண் பார்க்க வந்தார்கள். செஞ்சியிலிருந்து கலர் சோடா வாங்கி வந்தவன் நான்தான், அதனால் கதவோரம் பாட்டில்களோடு நின்றிருந்தேன். பிலோமினா தலைகுனிந்து வந்து பாயில் உட்கார்ந்தாள். பையனின் அம்மா பிரியமாகத்தான் ஆரம்பித்தார்.

"இன்னா படிக்கிறம்மா?"

"பொருளாதாரம்."

"அப்பிடின்னா?"

"வெலை, கிராக்கி, அதப் பத்தி."

அந்த அம்மாவின் முகம் லேசாக மாறியது. "கிராக்கியா? அதுல படிக்க இன்னா இருக்குது?"

பிலோமினா பாயைப் பார்த்தபடி, பாதையில் சொல்கிற அதே குரலில் சொன்னாள். "வெலை ஏறுனா கிராக்கி கொறையும்."

பையனின் தாய்மாமன் சோடாவை வாயிலிருந்து எடுத்தார். "அக்கா, சைக்கிளத்தான் சொல்லுது" என்று சொல்லிவிட்டு அடக்க முடியாமல் சிரித்தார்.

"ஏம்மா, எங்க புள்ள இன்னா சந்தையிலயா நிக்கிறான்?" அந்த அம்மா எழுந்துவிட்டார்.

சித்தப்பா பதறிப்போனார். "ஐயோ, அது பாடம்மா, பாடம்! டேய், நீயும்தானே படிக்கிற, சொல்றா!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். "பாடந்தாங்க. ஆனா பிலோமினா பாதிதான் சொல்லிச்சு. 'மத்ததெல்லாம் மாறாம இருந்தா'ன்னு முன்னாடி சேத்துக்கணும்."

"மத்ததெல்லாம்னா? கடியாரத்தையும் சேத்து சொல்றீங்களா?"

அதற்குமேல் ஆண்டவராலும் அதைச் சரிசெய்திருக்க முடியாது. வண்டி கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மாப்பிள்ளைப் பையன் மட்டும் வாசலைத் தாண்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்துச் சிரித்தான். நல்லவனாகத்தான் இருந்திருப்பான்.

திங்கட்கிழமை விடிந்ததும் நான் பாதை முனையில் போய் நின்றேன். இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். பின்னாலேயே சித்தப்பாவும் வந்தார். அன்று அவள் முன்னால், சித்தப்பா நடுவில், நான் கடைசியில். கொல்லைகளைத் தாண்டியதும் அவர் கேட்டார்.

"ஏண்டா, அது நெஜமாவே புஸ்தகத்துல இருக்குதா?"

"இருக்குது சித்தப்பா. சரிஞ்சு எறங்குற கோடா படம்கூட போட்டிருக்குது."

கொஞ்ச தூரம் நடந்தார். "எழுதுனவன் பொண்ணு பெத்தவனா இருப்பான்." பஸ் வரும் சத்தம் கேட்டதும் மகளைப் பார்க்காமலே சொன்னார். "பரீச்ச முடியட்டும். அதுவரிக்கும் எவனும் வர வேணாம்."

மாலையில் திரும்பி வரும்போது பின்னாலிருந்து கத்திக் கேட்டேன். "தெரிஞ்சுதான் சொன்னியா?"

அவள் திரும்பவில்லை. "இன்னா விதியெல்லாம் பரீச்சைக்கு வரும், அதக் கேளு மொதல்ல!" தோள் மட்டும் குலுங்கியது. சிரித்தாளா அழுதாளா என்று அத்தனை தூரத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை.

அவள் தேறினாள். ஆசிரியர் பயிற்சிக்கு விடுதியில் சேர்ந்தாள், பிறகு தெற்கே எங்கோ டீச்சரானாள், தன்னோடு வேலை பார்த்தவரையே கட்டிக்கொண்டாள் என்று கேள்வி. நான் பொருளாதாரத்தில் மட்டும் தேறினேன், மற்றதில் போய்விட்டது. மறுபடி எழுதவில்லை. ஜூன் மாதம் பாதை முனையில் யாரும் வந்து நிற்காதபோது எனக்கும் அந்தப் பக்கம் போகக் காரணம் இருக்கவில்லை. லாரிக்கே திரும்பினேன். பிறகு ஓட்டல், செங்கல் சூளை, சினிமாக் கொட்டகை என்று எதிலும் வருஷம் முழுக்க நின்றதில்லை.

அந்தப் பஸ்ஸிலிருந்து செஞ்சியில் இறங்கி ஊருக்கு ஆட்டோவில் போனேன். புகுமுக வகுப்பு என்பதையே ஒழித்து எவ்வளவோ காலம் ஆகிறது. ஒற்றையடிப் பாதை இருந்த இடத்தில் தார்ச்சாலை, கொல்லைகளில் வீட்டு மனைக்குக் கல் நட்டிருக்கிறார்கள். எதிரே ஒரு ஸ்கூட்டரில் மூன்று பெண்கள் கல்லூரிப் பையோடு ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள். இப்போது யாரும் துணைக்கு ஆள் தேடுவதில்லை. நல்லதுதான். ஆனால் நான் ஒரு நாளும் மட்டம் போடாமல் பார்த்த வேலை வாழ்க்கையில் அது ஒன்றுதான்.