லோவல் ஸ்டக்கியின் அசல் வண்டி

இண்டியானா மாநிலத்து ஹார்வின் ஊரில், லோவல் ஸ்டக்கி என்ற ஓய்வுபெற்ற காப்பீட்டு முகவர் தம் பல்லைத் துலக்குவதைவிட அதிகக் கவனத்தோடு ஒரு வண்டியைத் துலக்கி வந்தார். இதில் குற்றம் காண ஒன்றுமில்லை. பல், கழற்றி மாட்டுகிற பல். வண்டியோ ஐம்பத்தொன்றாம் வருஷத்து ஸ்டூட்பேக்கர் கம்பெனி பிக்கப். மேலே பாலாடை நிறம், கீழே மாதுளை நிறம். சக்கரத்து ஆணிகளைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைப்பார். மழை வரும் என்று வானொலி சொன்னால் வண்டி வெளியே வராது. வராது என்று சொன்னாலும், வானொலியை நம்ப முடியாது என்பதால், வராது. மனைவி ஆர்லீன் இருபது வருஷத்தில் ஒருமுறைகூட அதில் ஏறியதில்லை. அவளுடைய கோட்டில் பொத்தான்கள் இருந்தன. பொத்தான் இருக்கையைக் கீறும்.

ஆண்டுக்கு ஒரு நாள், ஆகஸ்டில், பழைய நாள் விழாவுக்கு மட்டும் வண்டி வெளிச்சம் பார்க்கும். அன்று நீதிமன்றச் சதுக்கத்தைச் சுற்றி ஊரின் பழைய கார்களெல்லாம் பல் மருத்துவர்முன் வாய் பிளந்தவை போல பானட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பின்னால் மடக்கு நாற்காலிகளில் உரிமையாளர்கள். காருக்கே சாப்பாடு கொண்டுவந்த அந்தக் கால ஓட்டல்களின் ஞாபகமாக, ஜன்னலில் மாட்டிய தட்டில் பிளாஸ்டிக் ஹாம்பர்கர், பிளாஸ்டிக் மில்க் ஷேக். முன்னால், வண்டி வந்த வரலாற்றைச் சொல்லும் ஒரு கதைப் பலகை.

லோவலின் பலகையில் இப்படி இருந்தது: “என் தந்தை எம்மெட் ஸ்டக்கி இவ்வண்டியைப் புதிதாக வாங்கினார். ஞாயிறுதோறும் நாங்கள் இதில் முலாம்பழம் ஏற்றி வருவோம். அந்தக் காலத்தில் யாரும் கதவைப் பூட்டியதில்லை.”

எம்மெட் ஸ்டக்கி செருப்புக்கடையில் வேலை பார்த்தவர். ஆயுளில் ஸ்டியரிங்கைத் தொடாதவர், வேலைக்கு நடந்தே போனவர். வண்டியை லோவல் எடுத்தது பக்கத்து மாவட்டத்தில், செத்துப்போன ஒரு விவசாயியின் சாமான் ஏலத்தில். இதைப் பொய் என்று சொல்லிவிடக் கூடாது. ஹார்வினில் இதற்கு நினைவு என்று பெயர். யாரும் கதவைப் பூட்டியதில்லை என்பதும் சரிதான். கறுப்பர்கள் பொழுது சாய்வதற்குள் வெளியேறிவிட வேண்டும் என்று அப்போது ஊரெல்லையில் வேறொரு பலகை இருந்தது. அதைப் பற்றி எந்தக் கதைப் பலகையிலும் ஒரு வார்த்தை கிடையாது. கதைப் பலகை சிறிது, இடம் போதாது.

சதுக்கத்தில் முதல் பரிசு வாங்கும் வண்டிதான் மாலை ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கும். ஒலிபெருக்கி பெயரைச் சொல்ல, ஊரே எழுந்து நிற்க, வாத்தியக் குழுவுக்கும் முன்னால் ஊர்ந்து போகலாம். லோவல் பல வருஷம் அப்படிப் போயிருக்கிறார். காப்பீடு விற்ற காலத்தில் அவரைக் கண்டால் தெருவைக் கடந்து ஓடிய அதே ஜனங்கள் அன்று கையசைத்தார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவர் மிச்ச வருஷத்தை வாழ்ந்தார்.

அந்த ஒரு மணி நேரத்தில் மண்ணைப் போட்டவர் வெண்டல் கிரெப்ஸ் என்ற பன்றிப் பண்ணைக்காரர். கொட்டகையில் கோழி அடைத்து வைத்திருந்த ஒரு காரை அப்படியே இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கூரை முழுக்கத் துரு. இருக்கைக்குள் எலிக்கூடு, கூட்டுக்குள் எலி. தலைநகரிலிருந்து வந்திருந்த நடுவர் அதன்முன் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்.

“அசல். ஒரு கை படல. பெயின்ட் எப்ப வேணா அடிக்கலாம். துரு தானா வரணும்.”

பிறகு லோவலின் வண்டிப் பக்கம் வந்தார். சுற்றிப் பார்த்தார். “பெயின்ட் நல்லாருக்கு” என்றார். கார்க்காரர்கள் மத்தியில் ஒரு மனிதனை இதைவிட மோசமாகத் திட்ட வார்த்தை கிடையாது. அந்த வருஷம் முதல் பரிசு துருவுக்குப் போனது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் லோவல் காராஜை விட்டு வெளியே வரவில்லை. இருபது வருஷம் ஏற்றிய பளபளப்பை உப்புத்தாள் கொண்டு தேய்த்தார். வினிகரில் உப்பைக் கரைத்துக் கதவுக்கும் கூரைக்கும் தெளித்தார். நிக்கல் பம்பரைச் சுத்தியலால், ஆனால் பிரியத்தோடு, அடித்தார். கதவின் பூட்டைப் பிடுங்கிவிட்டுக் கயிறு கட்டினார். ஆர்லீனின் தங்கையிடமிருந்து நாலு கோழி இரவல் வாங்கி உள்ளே விட்டார்.

ஆர்லீன் காபிக் கோப்பையோடு வாசலில் நின்று பார்த்தாள்.

“என் கோட்டுல பொத்தான் இருக்குன்னு சொன்னே. கோழிக்கு நகம் இருக்கே, பரவாயில்லையா?”

“இது வேற விஷயம் ஆர்லீன். இது சரித்திரம்.”

“சரித்திரம் ஸ்டியரிங்மேல போயிருக்கு பாரு. துடைக்கட்டுமா?”

“தொடாதே” என்று பதறினார் லோவல்.

துருவும் வந்தது, எச்சமும் சேர்ந்தது. ஆனால் மேற்பூச்சுக்கு அடியில் பச்சையும், பச்சைக்கு அடியில் கறுப்பும் தெரிந்தன. கதவில் அந்தக் கறுப்பின்மேல் வெள்ளைக் கோட்டில் ஒரு படம் மெல்ல எழுந்து வந்தது. காது தொங்கும் நாய் ஒன்று. கழுத்தில் கண்ணி.

பார்க்க வந்த டேல் ஃபென்னர், பள்ளிக்காலத்திலிருந்தே கூட இருக்கும் சிநேகிதர், கதவில் வைத்திருந்த கையைச் சடக்கென்று எடுத்துக்கொண்டார்.

“டேய், இது ஹோபர்ட் கிளீயோட வண்டிடா. நாய்பிடி வண்டி.”

“சும்மா இரு. இது முலாம்பழ வண்டி.”

“பின்னால நாலு ஓட்டை இருக்கே, எதுக்குன்னு நினைச்சே? பழத்தைக் கட்டிப் போடவா? கூண்டு மாட்டுன ஓட்டைடா அது.”

ஹோபர்ட் கிளீ மாவட்ட நாய்பிடி. ஐம்பதுகளில் வெறிநோய் பயம் வந்தபோது, கழுத்தில் உரிம வில்லை மாட்டாத நாய்களைக் கண்ணி போட்டு, சாக்கில் திணித்து, ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்ச் சுட்டவர். அந்தக் கறுப்பு வண்டி தெருமுனையில் திரும்பினால் பிள்ளைகள் நாயைக் கட்டிலுக்கடியில் ஒளித்து, அதன் வாயைப் பொத்திக்கொண்டு கிடப்பார்கள். அவர் செத்த அன்று மூன்று தெருவில் சிரிப்பு கேட்டதாகச் சொல்வதுண்டு.

லோவல் இரண்டு நாள் படுக்கையில் கிடந்தார். மூன்றாம் நாள், செய்தி பரவிய காபிக் கடையில், ஓர் அதிசயத்தைக் கண்டார்.

“ஹோபர்ட் தங்கமான மனுஷன்” என்றார் ஒருவர், கண்ணைத் துடைத்தபடி.

“உன் நாயைத்தானேடா கொண்டு போனான்?” என்றார் டேல்.

“கொண்டு போனான். ஆனா ஒரு மரியாதையோட கொண்டு போனான். இந்தக் காலத்துல யார் வீடு தேடி வந்து கொண்டு போறாங்க?”

மேசையைச் சுற்றி எல்லாத் தலைகளும் ஆடின. லோவல் காபியைக் குடிக்காமலே எழுந்து வீட்டுக்குப் போய், தூரிகை எடுத்தார்.

புதுப் பலகையில் நாய்க்குக் குறையில்லை, ஹோபர்ட்டுக்கும் குறையில்லை. ஆனால் வண்டிக்கும் ஸ்டக்கி குடும்பத்துக்கும் ஒரு முடிச்சு வேண்டுமே. ஆகவே கடைசி வரி: “சனிக்கிழமைகளில் என் தந்தை எம்மெட், கூலி எதிர்பாராமல், ஹோபர்ட்டுக்குத் துணையாக இவ்வண்டியில் சென்றார்.”

ஆர்லீன் அதை இரண்டு தடவை படித்தாள்.

“உங்க அப்பா நாயைக் கண்டா எதிர்வரிசைக்குப் போயிடுவாரு லோவல். நம்ம கல்யாணத்துல எங்க சித்தியோட பொமரேனியனுக்குப் பயந்து நாற்காலிமேல ஏறி நின்னாரு.”

“வயசானப்புறம் வந்த பயம் அது.”

“அவரு செத்துட்டாரு, கேக்க வரமாட்டாருன்னு எழுதுறே.”

“கெட்டதா என்ன எழுதிட்டேன்? சேவைதானே?”

ஆகஸ்டில் நடுவர் வந்தார், படித்தார், கதவிலிருந்த நாயைத் தடவினார், தொப்பியைக் கழற்றினார். எலிக்கூட்டுக்கு இரண்டாம் பரிசு. மாலையில் லோவல் ஊர்வலத்தின் தலையில் இருந்தார். இருக்கை கிழிந்துவிட்டபடியால் ஆர்லீனுக்கும் அனுமதி கிடைத்தது. பொத்தான் வைத்த கோட்டையே, அந்த ஆகஸ்ட் புழுக்கத்திலும், போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

நீதிமன்ற வாசலில் ஊர்வலம் வழக்கம்போல நின்றது. ஒலிபெருக்கிக்காரர் வெற்றியாளரிடம் இரண்டு வார்த்தை கேட்க மைக்கோடு வந்தார். அவருக்கு முன்னால், கையில் விசிறியோடு, இமோஜீன் டார் வந்துவிட்டாள். ஊர் நூலகத்தில் நாற்பது வருஷம் குரலை உயர்த்தாமல் வேலை பார்த்தவள். இப்போதும் உயர்த்தவில்லை.

“லோவல், உங்க அப்பாவை எனக்கு நல்லாத் தெரியும். என் காலுக்கு அளவெடுத்தவரு. போகும்போது கையில ஒரு மிட்டாய் குடுப்பாரு.”

“ஆமா இமோஜீன். நல்ல மனுஷன்.”

“எங்க நாய் டாஃபியைப் பிடிக்க வந்தப்ப ரெண்டு பேர் வந்தாங்க. ஹோபர்ட் கண்ணியைப் போட்டான். இன்னொருத்தர் சாக்கை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. தொப்பி முகத்தை மறைச்சிடுச்சு. யாரு யாருன்னு இத்தனை வருஷமா ஊர்ல ஒவ்வொரு முகமாப் பார்த்துட்டு இருக்கேன். உங்க அப்பாவை மட்டும் நான் சந்தேகப்பட்டதே இல்ல.” விசிறியால் பலகையைக் காட்டினாள். “அவருதானா?”

மைக் லோவலின் மோவாய்க்குக் கீழே வந்து நின்றது. ஒரே ஒரு ‘இல்லை’ போதும். ஆனால் ‘இல்லை’ என்றால் பலகை பொய். பலகை பொய் என்றால் வண்டி பின்னுக்குப் போக வேண்டும். பின்னால் வெண்டல் கிரெப்ஸ் எலிகளோடு முன்னேறக் காத்திருந்தார். பின்பார்வைக் கண்ணாடியில் அவருடைய பம்பர் தெரிந்தது.

“பிடிச்சாரு” என்றார் லோவல். “ஆனா லேசாத்தான் பிடிச்சாரு.”

ஒலிபெருக்கி அதை மக்காச்சோளக் காடு வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. இமோஜீன் தலையாட்டிவிட்டுத் திரும்பித் தன் நாற்காலிக்குப் போனாள். யாரோ கைதட்டினார்கள். காதில் விழுந்தது என்னவென்று புரியாதவர்களும் சேர்ந்து தட்டினார்கள்.

ஆர்லீன் கதவுக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். அசல் தோற்றத்துக்காக லோவல் போட்ட முடிச்சு, சுலபத்தில் அவிழவில்லை. ஊரே பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

“எங்க போறே?” என்று உதட்டை அசைக்காமல் கேட்டார் லோவல். “எல்லாரும் பாக்குறாங்க.”

“வீட்டுக்கு. நடந்து போறேன், உங்க அப்பா போன மாதிரி.”

வாத்தியக் குழு வாசிக்கத் தொடங்கியது. லோவல் கையசைத்தபடி தனியாகப் போனார். நல்ல ஊர்வலம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

மறுவாரம் அவர் அப்பாவின் கல்லறைக்குப் பூ வைக்கப் போனார். எம்மெட் ஸ்டக்கி என்று செதுக்கிய கல்லில் யாரோ ஒரு சின்ன நாயின் கழுத்துப் பட்டையை மாட்டியிருந்தார்கள். தோல் வெடித்து, கொக்கி துருப்பிடித்து, பழுப்பாகியிருந்தது. லோவல் குனிந்து அந்தத் துருவை விரலால் சுரண்டிப் பார்த்தார். அதில் வினிகர் வாசனை கொஞ்சமும் இல்லை.

அசல்.

இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். இப்போது அது வண்டியின் பின்பார்வைக் கண்ணாடியில் தொங்குகிறது.