ட்ரெய்லர் திரும்பாத வீடு

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஃபிளாட் பார்க்கப் போனோம். தாம்பரம் தாண்டி. நான், மனைவி மல்லிகா, மகள் ரேவதி.

கேட்டில் நிறுத்தினார்கள். காரை ஓட்டி வந்தது ரேவதி. நான் பின் சீட்டிலிருந்து இறங்கிப் போனேன். என் சட்டை காக்கி. ஞாயிற்றுக்கிழமைக்கென்று வேறு நிறத்தில் சட்டை வாங்கியதில்லை.

வாட்ச்மேன் பெரிய நோட்டைத் திறந்தார்.

"டிரைவரா?"

"ஆமா."

"எந்த வீட்டு டிரைவர்?"

"எங்க வூட்டு டிரைவர்தான்."

அவர் சிரிக்கவில்லை. என்ன காரணமாக வந்தீர்கள் என்ற இடத்தில் 'டிரைவர்' என்று அவரே எழுதிக்கொண்டார். வீடு வாங்க வந்தவன் நான். ஆனால் அவர் எழுதியதும் பொய் இல்லையே? கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். முப்பது வருடமாக ட்ரெய்லர் ஓட்டுகிறேன். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் கொண்டு வருவது, அங்கிருந்து கொண்டு போவது. புனே, நாக்பூர், ஹைதராபாத்... லோடு எங்கேயோ, நான் அங்கே. இந்த வருடக் கடைசியோடு லாங் ட்ரிப் கிடையாது. முதுகு சொல்லிவிட்டது. ஓனர் சொன்னால் ஏதாவது சாக்குச் சொல்லலாம். முதுகிடம் என்ன சொல்வது?

திருவொற்றியூரில் இருபத்துநாலு வருடமாக ஒரே வாடகை வீடு. வீட்டுக்காரர் வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் பாய். இந்த மாத ஆரம்பத்தில் வந்தார். உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"சேகரு, பசங்க வூட்ட வித்துடச் சொல்றானுங்க. வெளியாளு ரெண்டு பேரு கேட்டுகினு கீறானுங்க. மொதல்ல ஒன்னாண்ட சொல்லணும்ல? நீ எடுத்துக்கிறியா, சொல்லு. இல்லாங்காட்டி நீ வேற வூடு பாக்கணும். மாசக் கடைசிக்குள்ள சொல்லிடு."

வாங்க வேண்டும். அல்லது கிளம்ப வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

ரேவதிக்கு இது நல்ல சேதியாகப் பட்டது. அவள் வேலை பார்க்கும் ஆபீஸ் தெற்கே இருக்கிறது; அந்தப் பக்கமே அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள்.

"நைனா, இதான் சான்ஸு. அந்த கலீஜ் ரோட்ட வுட்டு வந்துடுங்க. எங்க ஆபீஸ் பக்கம் ஒரு ஃபிளாட் பாக்கலாம். லோன் நான் போடறேன். இனிமேலாச்சும் ஒயுங்கா செட்டில் ஆவுங்க."

செட்டில்... எங்கள் தொழிலில் அதற்கு வேறு அர்த்தம். 'அந்த டிரைவர செட்டில் பண்ணிட்டாங்க' என்றால் வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள் என்று பொருள். மகளிடம் சொல்லவில்லை. அவள் ஆசையாகச் சொல்கிறாள்.

ஃபிளாட் ஏழாவது மாடியில். ஏஜெண்ட் ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினார். சமையலறையில் சாமான் வைக்க நல்ல வசதி. குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. நான் பால்கனிக்குப் போய்க் கீழே பார்த்தேன். உள் ரோடு. ஒரு மூலை. கேட்.

"இங்க நாப்பதடி திரும்பாது" என்றேன்.

"என்ன சார்?" என்றார் ஏஜெண்ட்.

"நாப்பதடி ட்ரெய்லரு. அந்த மூலைல திருப்ப முடியாது. ரிவர்ஸும் வராது. கேட்டாண்ட குறுக்கால இரும்பு வேற போட்டுகீறாங்க. கண்டெய்னரு இடிக்கும்."

ரேவதி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நைனா! ட்ரெய்லர இஸ்துகினு வந்து பெட்ரூம்லயா நிறுத்தப் போற?"

ஏஜெண்ட் சிரித்தார். நானும் சிரித்தேன். தப்புதான். ஆனால் ஒரு டிரைவர் எந்த இடத்தைப் பார்த்தாலும் முதலில் பார்ப்பது அதைத்தானே — உள்ளே போனால் வெளியே வர முடியுமா?

மல்லிகா மட்டும் சிரிக்கவில்லை. ஏஜெண்ட்டைக் கேட்டாள்.

"தம்பி, இந்தாண்ட லாரி வருமா?"

"சான்ஸே இல்ல மேடம். ஹெவி வண்டி சத்தமே கேக்காது. அதுதான் இங்க ஸ்பெஷல்."

"அப்ப இவரு எங்க நிப்பாரு?"

"சாருக்குக் கீழ கார் பார்க்கிங் இருக்கு மேடம்."

மல்லிகா என்னைப் பார்த்தாள். அவள் கேட்டது எனக்குப் புரிந்தது. ஏஜெண்ட்டுக்குப் புரிய வழியில்லை. உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெரு போய் முட்டுவது எக்ஸ்பிரஸ் ரோட்டில். துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர்கள் அந்த ரோட்டில் க்யூ நிற்கும். ஒரு நாள் நிற்கும். மூன்று நாளும் நின்றிருக்கிறது. இறங்கி வீட்டுக்குப் போக முடியாது. எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. நகரும்போது ஸ்டியரிங்கில் ஆள் இல்லையென்றால் பின்னால் இருப்பவன் முந்திப் போவான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவனும் வீட்டுக்குப் போக வேண்டாமா?

முதலில் கொருக்குப்பேட்டையில் இருந்தோம். ரேவதிக்கு அப்போது மூன்று வயது. நான் பதினைந்து நாள் கழித்து ஊருக்கு வருவேன். க்யூவில் இரண்டு நாள் நிற்பேன். வீட்டில் அரை நாள் இருப்பேன். அடுத்த லோடு வந்துவிடும்.

ஒருநாள் மல்லிகா கேட்டாள். "ஊருக்குள்ள வந்துகினும் வூட்டுக்கு வர மாட்டேன்ற. அந்த க்யூ எங்கதான் நிக்குது?"

"திருவொற்றியூராண்ட."

"அப்ப அங்கயே ஒரு வூடு பாரு."

வீடு தேடுகிறவர்கள் ஸ்கூல் பக்கமா, மார்க்கெட் பக்கமா என்று பார்ப்பார்கள். நாங்கள் லாரி க்யூ பக்கமா என்று பார்த்தோம். வீட்டு புரோக்கர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "யம்மா, லாரி நிக்காத எடமா பாருன்னுதான் எல்லாரும் என் உசுர எடுக்கறாங்க. நீ இன்னா?"

அப்படித்தான் அந்த வீடு அமைந்தது.

நான் க்யூவுக்கு வந்ததும் போன் போடுவேன். மல்லிகா கேரியரைத் தூக்கிக்கொண்டு ரேவதியோடு வருவாள். மூன்று பேரும் கேபினில் உட்கார்ந்து சாப்பிடுவோம். வண்டி பத்தடி நகரும். குழம்பு சாயும். மறுபடி நிற்கும். வாய்ப்பாடு பதினாறு வரைக்கும் ரேவதி அங்கேதான் ஒப்பித்தாள். அவளுடைய பத்தாவது மார்க்கைக் கேட்டதும் அங்கேதான். எங்கள் குடும்பம் நடந்தது முக்கால்வாசி அந்த ரோட்டில்.

ஒருமுறை எனக்கு நல்ல காய்ச்சல். வண்டியை க்யூவில் விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் படுத்து எழலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன். டிரைவர் செய்யக்கூடாத காரியம். படுத்தேன். க்யூ நகர்ந்தது.

ஹாரன் சத்தம் கேட்டு முதலில் ஓடியது மல்லிகா. அவளுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. என்ன செய்தாள்? என் வண்டியைத் தாண்டி வெளியே வரப் பார்த்த ட்ரெய்லரின் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"என் வூட்டுக்காரருக்கு ஜொரம். அவரு வர்ற வரைக்கும் எவனும் முந்தக் கூடாது."

"யக்கா, வயி வுடுக்கா!"

"வுட மாட்டேன். இன்னா பண்ணுவ? ஏத்துவியா? ஏத்து."

நான் செருப்பில்லாமல் ஓடி வருவதற்குள் பின்னால் அரை கிலோமீட்டர் வண்டி. எல்லாரும் ஹாரன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடு ரோட்டில் மல்லிகா. அந்த டிரைவர் ஆரணிக்காரர். அன்றைக்கு மத்தியானம் எங்கள் கேபினில் உட்கார்ந்து ரசஞ்சோறு சாப்பிட்டார். "உன் சம்சாரம் இருக்கச்சொல்ல உனக்கு இன்னாத்துக்கு ஹேண்ட் பிரேக்கு?" என்றார்.

சரி. இன்றைய கதைக்கு வருகிறேன். க்யூ முன்போல் இல்லை. வண்டி நிறுத்த யார்டு வந்துவிட்டது; லாரிகள் மட்டும் புகையும் தூசியுமாக ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. நானும் இனி நிற்கப் போவதில்லை. அப்புறம் எதற்கு அந்த வீடு?

ஃபிளாட் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ரேவதி காரில் கேட்டது இதைத்தான்.

"க்யூவும் இல்ல, நீயும் லாரி ஓட்டப் போறதில்ல. அங்க இன்னா கீது நைனா?"

அவளே தொடர்ந்தாள்.

"அம்மாக்கு மூச்சு வாங்குது. தெரியுமா ஒனக்கு? மாடியில துணி காயப்போட நின்னு நின்னு ஏறுது. நீ எங்க பாத்த? நீ புனேல இருந்த."

எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. முப்பது வருடமாக டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று தினமும் தட்டிப் பார்த்தவன். இவள் நெஞ்சைக் கவனிக்கவில்லை.

"ஏய், ரோட்ட பாத்து ஓட்டு" என்றாள் மல்லிகா.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா அவள் முதுகில் ஸ்டெத் வைத்துக் கேட்டார். ஊதச் சொன்னார். எந்த ஏரியா என்று கேட்டார். சொன்னோம்.

"தூசி, புகை... முடிஞ்சா வேற இடத்துக்குப் போயிடுங்கம்மா. உங்களுக்கு அதுதான் நல்லது."

மல்லிகா சேலையைச் சரிசெய்துகொண்டு கேட்டாள். "எங்க தெருவுல முப்பது வூடு கீது டாக்டரம்மா. எல்லாருக்கும் இதே மருந்துதானா?"

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார்.

"நாங்க போய்ட்டா அந்த வூட்டுக்கு வேற ஒருத்தி வருவா. அவ நெஞ்சு இன்னா இரும்புல செஞ்சதா?"

"நீங்க கேக்கறது நியாயம்தான். என்னால மருந்துதான் எழுத முடியும்" என்றார். எழுதினார். வாயில் வைத்து இழுக்கும் மருந்து. வேளை தவறக் கூடாது என்றார்.

வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தேன். கேட்டேன். "ஒனக்கு இன்னா வோணும்?"

"அட! முப்பது வருசத்துல இப்பதான் மொத தபா கேக்குற."

"சொல்லு."

"எனக்கு மருந்து இஸ்துக்கத் தெரியும். அந்த ஏயாவது மாடில குந்திகினு யார் மூஞ்சியப் பாக்கறது? ராத்திரி பகலு பாக்காம ரோட்ல வந்து நின்னு ஒன்ன வூட்டு மனுசனா வச்சிகினு கீறேன். அது என் எடம்யா. பொகைய வுடறவன் போவட்டும். நான் இன்னாத்துக்குப் போவணும்?"

இதற்கு யாராவது பதில் சொல்வார்களா?

யோசித்துப் பார்த்தேன். அந்த ஃபிளாட்டின் தரையில் பதித்த டைல்ஸ், லிஃப்ட், சுவரில் மாட்டிய ஏ.சி... எல்லாம் ஏதோ ஒரு கண்டெய்னரில் வந்ததுதான். ஏதோ ஒரு ட்ரெய்லர் இழுத்துப் போனதுதான். சாமான் அங்கே போய்விட்டது. தூசி எங்களிடம் நின்றுவிட்டது. அதையும் பொறுத்துக்கொண்டோம். இப்போது நீங்களும் கிளம்பிவிடுங்கள், உங்கள் நல்லதுக்குத்தான் என்கிறார்கள். தூசியைக் கிளம்பச் சொல்ல ஒருவரும் இல்லை.

பல ஊர் பார்த்துவிட்டேன். மகாராஷ்டிராவில் சாலையோரம் கரும்பாக நிற்கும் ஊர்கள் உண்டு. காற்று இனிக்கும். அங்கேயெல்லாம் டீ குடித்தேன், கிளம்பினேன். எனக்காக யாரும் அங்கே ரோட்டை மறித்து நின்றதில்லை.

புதன்கிழமை ரேவதிக்குப் போன் போட்டு, இருக்கிற வீட்டையே வாங்கப் போகிறோம் என்று சொன்னோம்.

"அப்ப என் பேச்ச கேக்க மாட்டீங்க."

"கேட்டோம்டி" என்றாள் மல்லிகா. "கேட்டுட்டுத்தான் சொல்றோம்."

"அந்த வூட்டுக்கு நான் லோன் போட மாட்டேன்."

"போடாத. ஒங்க நைனாக்கு வேலைய வுடறப்ப வர்ற பணம் கீது. என் சீட்டுப் பணம் கீது. நாங்க பாத்துக்கறோம்."

ரேவதி போனை வைத்துவிட்டாள்.

நாங்கள் செய்வது சரியா? தெரியாது. பயம் இருக்கிறது. மருந்து எடுத்தாளா என்று மூன்று வேளையும் பார்க்கிறேன். மல்லிகா ஒரு நோட்டு வாங்கி வந்துவிட்டாள். தினமும் சாயந்திரம் வீடு வீடாகப் போகிறாள். எந்த வீட்டில் யாருக்கு மூச்சு வாங்குகிறது, எந்தக் குழந்தைக்கு இருமல், எத்தனை நாளாக... எல்லாம் எழுதி வாங்குகிறாள். புகையையும் தூசியையும் நிறுத்தச் சொல்லித் தெருவே சேர்ந்து கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகிறார்களாம். இதுவரை பதினேழு வீடு. ஒரு வீட்டில் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். "நாளைக்கு மறுபடி போவேன்" என்கிறாள்.

வெள்ளிக்கிழமை ரேவதி போன் செய்தாள். என்னிடம் பேசவில்லை. அம்மாவிடம் கொடு என்றாள்.

"அந்த மனுவ நான் டைப் அடிச்சுக் குடுக்கறேன். நீ எயுதினா கலெக்டரு படிக்கறதுக்குள்ள ரிட்டையர் ஆயிடுவாரு."

மல்லிகா சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு மறுபடி சிரித்தாள்.

நேற்று பாய் கடைக்குப் போனோம். வீட்டை எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னோம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சியா சேகரு? எல்லாரும் அங்கருந்து போறதுக்குத்தான் வயி தேடறாங்க. நீ காசு குடுத்து குந்தறேன்ற."

நான் வாயைத் திறப்பதற்குள் மல்லிகா சொல்லிவிட்டாள். "போறவங்க போவட்டும் பாய். பத்திரத்துல ரெண்டு பேரு பேரும் போட்டுடுங்க. என் பேரு மொதல்ல."

நல்ல ஊர் எங்கேயும் தயாராக இருப்பதில்லை... போக மாட்டோம் என்று நாலு பேர் உட்கார்ந்தால்தான் உண்டாகும்.