செல்வியின் இடது கைக் கையெழுத்து

இலவச சட்ட உதவி மையத்தில் தன்னார்வலராக இருக்கச் சட்டம் தெரிய வேண்டியதில்லை. தாம்பரத்தில் எந்த ஜெராக்ஸ் கடையில் கூட்டம் குறைவு என்று தெரிந்தால் போதும். ஏதோ ஒரு கவுண்டரில் ‘நாளைக்கு வாங்க’ என்பதைக் கேட்டுப் பல்லைக் கடித்தவரா நீங்கள்? அப்படியானால் நாம் சொந்தக்காரர்கள்.

சந்தேகம்

செல்வி பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வந்தாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். செயினைப் பறிக்க வந்தவன் கத்தியை வீசியதில் வலது கை நரம்பு அறுந்து, விரல்கள் மடங்கவில்லை. உடனே பிசியோதெரபி ஆரம்பிக்காவிட்டால் அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேலை போய்விட்டதால் அதற்குப் பணமில்லை.

பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசே இழப்பீடு தரும், வெட்டியவன் பிடிபடாவிட்டாலும் தரும் என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். அவள் விண்ணப்பத்தைத் தொடவே இல்லை.

“வெட்னவன் எவனோ. கவர்மென்ட் இன்னாத்துக்குக்கா துட்டு தருது? அப்பால கேஸ வாபஸ் வாங்கச் சொல்வாங்களா?”

காயச் சான்றிதழ்

ஒருவழியாக அவள் சம்மதித்ததும், விண்ணப்பத்தோடு வைக்க வேண்டிய இந்தச் சான்றிதழுக்காக ஆஸ்பத்திரிக்கு நான்கு முறை அலைந்தோம். போகும்போதெல்லாம் அவள் விரல்கள் இன்னும் இறுகிவிட்டனவா என்று பார்ப்பேன். நான்காவது முறை கத்தியே விட்டேன். கிளார்க் நிதானமாக அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

“கைதானே மேடம்? நல்லா நடக்கிறாங்கல்ல, அடுத்த வாரம் நடந்து வரட்டும்.”

என் ரோஷம்

விண்ணப்பத்தில் கைநாட்டு வைக்கட்டும் என்றார் எங்கள் வக்கீல். பத்தாவது படித்தவள் கைநாட்டு வைப்பதா? ரோஷம் அவளுக்கு வரவில்லை, எனக்கு வந்தது. மத்தியானம் முழுக்க உட்காரவைத்து இடது கையால் கையெழுத்துப் பழக்கினேன். இடைக்கால இழப்பீடு அவள் கணக்கில் ஏறியதும், பேங்கில் பணமெடுக்கும் சீட்டிலும் அதே கையெழுத்தைத்தான் போடச் சொன்னேன். அங்கே கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரில் பழைய கையெழுத்தைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், திருப்பித் தந்தார்.

“மேட்ச் ஆகலையேம்மா. கை சரியானதும் வந்து பழைய மாதிரியே போடுங்க, உடனே பாஸ் பண்றேன்.”

இரண்டு விரல்

கடைசியில் மேனேஜர் முன்னால் கைநாட்டுதான் வைத்தோம். அதற்கு டாக்டர் கடிதம் வேண்டும் என்றார்கள். மறுபடியும் அதே ஆஸ்பத்திரி, அதே கிளார்க். பிசியோதெரபி ஆரம்பித்தபோது வாரக்கணக்கில் தாமதமாகியிருந்தது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்க ஆரம்பித்தன. மற்ற மூன்றும் மடங்கவில்லை. கைநாட்டுதான் என்று அன்றைக்கே விட்டிருந்தால், பணம் ஏறுவதற்குள் அந்தக் கடிதத்தையும் வாங்கி வைத்திருக்கலாமே என்று நினைக்காத நாளில்லை எனக்கு.

போன வாரம் கையில் கட்டோடு ஒரு பெண்ணைச் செல்வி அழைத்து வந்தாள். பக்கத்து பிளாக்காம், புருஷன் வெட்டிவிட்டானாம். நான் பேனாவை நீட்டினேன். செல்வி அந்த இரண்டு விரலால் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினாள்.

“அக்கா படிச்சவங்க, கையெழுத்துதான் கேப்பாங்க. நீ நாட்டு வையிடி, வேலை சீக்கிரம் ஆவும்.”

வெட்டுகிறவன் ஒரு நொடியில் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுகிறான். சரிசெய்யக் கிளம்பிய நாங்கள்தான் இன்னும் ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்கிறோம்.