நெல் காயும் ரேஸ் ட்ராக்: சோரியாங்குப்பத்தில் ஒரு ஞாயிறு

பாண்டிச்சேரி போகிறேன் என்றாலே நண்பர்கள் ஒரு மாதிரி சிரிப்பார்கள். பைக் ரேஸ் ட்ராக் பார்க்கத்தான் போகிறேன் என்று சொல்லியும் ஒருவரும் நம்பவில்லை. பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில், சோரியாங்குப்பத்தை ஒட்டி, சேவியர் என்பவர் சொந்த நிலத்தில் சின்னதாக ஒரு ட்ராக் நடத்துகிறார். அதைச் சர்வதேசப் போட்டிகள் நடத்தும் தரத்துக்கு உயர்த்தித் தருகிறோம் என்று வெளியூர் நிறுவனம் ஒன்று கேட்டிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பதில் சொல்லியாக வேண்டும். நம் பக்கம் உருப்படியாக ஒரு ட்ராக் இல்லையே என்று வருடக்கணக்கில் புலம்புகிறவன் நான். அவர் சரி சொல்வதைக் கண்ணால் பார்க்கவே கிளம்பினேன்.

தை மாதக் கடைசி. புதுச்சேரி பேருந்து நிலையத்தில் காலை ஏழு மணிக்குப் பாகூர் பஸ். சுமார் இருபது கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். வழியெங்கும் அறுவடை நடந்துகொண்டிருந்தது. பாகூரில் இறங்கி ஆட்டோ பிடித்தேன்.

"இன்னா சார், ரேஸ் ட்ராக்கா? அங்க நெல்லு காயுதே!" என்றார் ஓட்டுநர். வெளியூர்க்காரனைக் கலாய்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னது உண்மை. கதவு இன்னும் திறக்கவில்லை, வேலிக்கு வெளியே நின்றே பார்த்தேன். ட்ராக்கின் நீண்ட நேர்ப்பாதை முழுக்க நெல் பரப்பியிருந்தது. ஒரு அம்மா அதைக் காலால் துழாவிக்கொண்டே நடந்தார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. வண்டி ஓட வேண்டிய இடத்தில் இதென்ன கூத்து?

சேவியர் சர்ச்சில் காலைப் பூசை முடிந்து மகளோடு வந்து சேர்ந்தார். மகள் ஜெனிபர் கல்லூரியில் படிக்கிறாள். பைக் பந்தயங்களிலும் ஓட்டுகிறாள். என் முகத்தைப் பார்த்ததுமே சேவியருக்குப் புரிந்துவிட்டது.

"சுத்தி இருக்கறது அவங்க வயலு சார். அறுப்பு முடிஞ்சதும் பெரிய வட்டத்துல ஓட்டுவோம். வளைவுல சறுக்குனா அவங்க சேத்துலதான் போயி வுழுவோம். ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க. அதுக்குப் பதிலா அவங்க நெல்லு இங்க காயும். பயிரு நிக்கறப்ப சின்ன வட்டம் மட்டும்தான்."

ட்ராக்கை உயர்த்துவதென்றால் இதெல்லாம் போக வேண்டும். அந்த வயல்களை வாங்கி, சறுக்கும் வண்டிகள் நிற்கச் சரளை கொட்டுவார்கள், உயரமான வேலி வரும், புதிய தார் வரும், அதன் மேல் நெல் வராது. சேவியர் வரைபடத்தை விரித்துக் காட்டினார். அழகான வரைபடம்! நான் குஷியாகிவிட்டேன்.

"எல்லாம் இவளுக்காகத்தான் சார். மெட்ராசு, கோயமுத்தூருனு அலையறா. வூட்டாண்டயே பெரிய ட்ராக் இருந்தா எப்படி இருக்கும்?"

"எனக்கு எத்தினி நாளு குடுப்பாங்கனு கேட்டியாப்பா?" என்றாள் ஜெனிபர்.

அவர் வரைபடத்தை மடிக்க ஆரம்பித்தார். "மாசத்துல ஒரு நாளு."

"மிச்ச நாளெல்லாம் பெரிய டீமுக்கு வாடகை. அப்ப நான் எங்க ஓட்டுறதுப்பா?"

இப்போது அவள் தினமும் கல்லூரி விட்டு வந்ததும் ஓட்டுகிறாள். அவளோடு பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் ஓட்டுகிறார்கள். அவ்வளவு பணம் கொட்டினால் அதை வாடகையில்தான் எடுக்க முடியும். அந்த வாடகை இவர்களுக்குக் கட்டுப்படியாகாது. இவ்வளவு நாள் புலம்பிய எனக்கு இது தோன்றவே இல்லை. பெரிய ட்ராக் நமக்குக் கட்டாயம் வேண்டும், அதில் இன்றும் மாற்றமில்லை. ஆனால் அதைப் புது இடத்தில் கட்டட்டும். ஓட்டக் கற்கும் இடத்தை மூடிவிட்டுப் போட்டி நடத்தும் இடம் திறந்தால், அதில் ஓட்ட நம் பிள்ளைகள் எங்கிருந்து வருவார்கள்?

சேவியர் வேலி ஓரம் போய் அந்த நிறுவனத்தோடு தொலைபேசியில் பேசினார். "வேணாம் சார்" என்பது மட்டும் காதில் விழுந்தது. ஜெனிபர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சின்ன வட்டத்துக்குப் போய்விட்டாள்.

போக நினைப்பவர்களுக்கு: மாசி பாதிக்கு மேல் போனால் நெல் எடுத்திருப்பார்கள், பெரிய வட்டம் முழுதாக ஓடும். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு முன்னால் கதவு திறக்காது. நிழலே கிடையாது, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். சாப்பாட்டைப் பாகூரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். திரும்ப ஆட்டோ கிடைப்பது கஷ்டம், இறங்கும்போதே ஓட்டுநரின் எண்ணை வாங்கி வையுங்கள்.

கிளம்பும்போது, வருத்தமா என்று சேவியரிடம் கேட்டேன். அவர் கண் மகளின் வண்டியை விட்டு நகரவில்லை.

"இல்லாம இருக்குமா சார்? எங்கனா பெரிய ட்ராக்குல இவ ஓட்டுற அன்னிக்கு, டிக்கெட் வாங்கினு போயி பாத்துக்கறேன்."