ஊதாக் கோடு

எங்கள் வாப்பா மேலப்பாளையம் கடைத்தெருவில் பெண்களுக்கு ரவிக்கை தைத்தார். இன்று அதே கடையில் அதே வேலையை நான் பார்க்கிறேன். பெண்களின் முகம் பார்த்துப் பேச எனக்குக் கூச்சம். அதனால் அளவெடுப்பதில்லை, அளவு ரவிக்கை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, துணியைப் பார்த்துக்கொண்டே பேசுவேன். அதைப் பணிவு என்று நினைத்துப் பலரும் எனக்கு நல்ல பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு ஏழு வயதில் உம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. அவளுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. என்னிடம் யாரும் நோயின் பெயரைச் சொல்லவில்லை. கட்டி என்றார்கள். மதுரைக்குப் போய்வந்தால் சரியாகிவிடும் என்றார்கள். உம்மா போனாள், மெலிந்து, இடது கையைத் தூக்க முடியாமல் திரும்பி வந்தாள். எனக்குத் தெரிந்தவரை அவள் கட்டியை மதுரையில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

அவள் வந்த பிறகு வாப்பா கடையில் ஒரு புது வேலையைத் தொடங்கினார். மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போனதும் கதவைப் பாதி சாத்திக்கொள்வார். மல் துணியில் சின்னப் பை மாதிரி தைத்து, இலவம்பஞ்சைத் திணித்து, உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பார். கொஞ்சம் பஞ்சை எடுப்பார், மறுபடி வைப்பார். என்ன என்று கேட்டேன். நுணுக்கமான வேலை, பேசாமல் இரு என்றார். ஊசி குத்தி வைக்கிற மெத்தை என்று நானே முடிவுசெய்துகொண்டேன்.

பிறகு பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கரண்ட் வைக்கத் தொடங்கினார்கள். கதிர் சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வாப்பாவின் தங்கையான என் மாமி தினமும் காலையில் உம்மாவை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவாள். முதல் நாள் திரும்பி வந்தபோது உம்மாவின் கழுத்தடியில் ஊதா மையில் ஒரு கோடு இருந்தது. அது வளைந்து இறங்கி ரவிக்கைக்குள் போனது. அழியக் கூடாது, தண்ணீரே படக் கூடாது என்று மாமி வீடு முழுக்கச் சொல்லி வைத்தாள். உம்மா அம்பாசமுத்திரத்துக்காரி. ஆற்றில் முங்கி வளர்ந்தவளுக்கு, இடுப்புக்குக் கீழே மட்டும் குளிப்பது கரண்டைவிடப் பெரிய தண்டனையாக இருந்தது.

கோட்டைப் பார்த்ததும் எனக்குக் கடை ஞாபகம் வந்தது. வாப்பா துணியை விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு, தள்ளி நின்று ஒரு தடவை பார்ப்பார். அடுத்தது கத்தரிதான். கோடு போட்டுவிட்டு வெட்டாமல் விட்ட துணியை எங்கள் கடையில் நான் பார்த்ததே இல்லை. கழுத்துப் பக்கம் வளைந்து போகிற கோட்டில் கத்தரி எப்படித் திரும்பும் என்பதும் எனக்குத் தெரியும்.

யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். உம்மா கிளம்பும்போதெல்லாம் இன்றைக்குத்தான் என்று நினைப்பேன். மத்தியானம் அவள் திரும்பியதும் கழுத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

நோன்பு மாதம் அது. பெருநாள் துணி குவிந்து, வாப்பா கடையிலேயே கிடந்தார். உம்மா நோன்பு வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊரே நோன்பிருக்கத் தான் மட்டும் சாப்பிடுகிற வெட்கத்தில், அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பாள். ஒருநாள் அப்படிக் குடித்துவிட்டுப் பாயில் படுத்துத் தூங்கினாள். மாமி அடுக்களையில் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள்.

தப்பாக விழுந்த கோட்டை வாப்பா ஈரத்துணியால் எடுப்பார். நானும் உம்மாவின் கழுத்தில் ஈரத்துணியால் தேய்த்தேன். மை லேசாகத்தான் போனது. தேங்காயெண்ணெய் தொட்டுப் பையப் பையத் தேய்த்தேன். கோடு கலங்கிக் கரைந்து துணியில் ஏறியது. உம்மா முழிக்கவில்லை, கரண்ட் வைத்த நாளெல்லாம் அடித்துப்போட்டது போலத்தான் தூங்குவாள். இனிக் கத்தரி எந்த வழியாகப் போகும், பார்க்கலாம் என்று நானும் அவள் பக்கத்தில் படுத்தேன்.

மாமியின் சத்தத்தில்தான் விழித்தேன்.

"ஏலே, உங்க உம்மா உசுரோட இருக்கது ஒனக்குப் புடிக்கலயாலே?"

ஊதாத் துணி என் கையிலேயே இருந்தது. உம்மா கழுத்தைத் தடவிப் பார்த்தாள். விரலில் எண்ணெய் பட்டது. அவள் முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் அழுதேன். திட்ட வேண்டாம், நாளைக்கு இவனும் கூட வரட்டும் என்று மட்டும் மாமியிடம் சொன்னாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கோடு போடுகிறவர் உம்மாவைக் கடிந்துகொண்டார். அளவு தவறினால் கரண்ட் வேண்டாத இடத்தில் பாயும், பட்ட பாடெல்லாம் வீணாகும் என்றார். எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்க வேண்டும், இன்றைக்குக் கரண்ட் கிடையாது என்றார். நான் மாமியின் சேலைக்குப் பின்னால் நின்றேன். உம்மா என் பக்கம் திரும்பாமலே, புழுக்கம் தாங்காமல் தானே துடைத்துவிட்டதாகச் சொன்னாள். மாமி வாயைத் திறக்கப் போனாள். உம்மா அவள் கையைப் பிடித்து அமுக்கினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் உம்மா என்னை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தாள்.

"ஏம்லே தொடச்சே?"

"கோடு போட்டா வெட்டிருவாவல்லா உம்மா."

அவளுக்குப் புரியவில்லை. கடையில் வாப்பா வெட்டுவதைச் சொன்னேன். புரிந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, வலிக்கிற பக்கத்தைக் கையால் தாங்கிக்கொண்டு சிரித்தாள். மதுரைக்குப் போய்வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். முன் சீட்டிலிருந்து மாமி திரும்பினாள்.

"உம்மாவும் மவனும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாறியளா, சினிமாவுக்குப் போயிட்டு வாறியளா?"

உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதருகில் குனிந்தாள்.

"வெட்ட வேண்டியத மதுரையிலயே வெட்டியாச்சு மக்கா. இனி வெட்டு கெடையாது. இது, உங்க உம்மா ஒங்கூடயே இருக்கதுக்கு."

உம்மாவுக்கு இப்போது எழுபது நெருங்குகிறது. வாப்பா மவுத்தான பிறகு அவளுக்கு ரவிக்கை தைப்பது நான்தான். அதன் இடது பக்கத்துக்குப் பஞ்சுப் பை தைத்து, உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பதும் நான்தான். வாப்பா அளவுக்கு இல்லை என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் போட்டுக்கொள்கிறாள்.

அன்று குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் பஸ் வெகுநேரம் நின்றது. நான் உம்மாவை நன்றாகப் பார்த்தேன். காது இருந்தது, மூக்கு இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். சேலைக்குக் கீழே பாதங்கள் இரண்டும் தெரிந்தன. வாப்பா தைத்த ரவிக்கை இரண்டு பக்கமும் ஒன்றுபோலப் படிந்திருந்தது. எங்கேயும் எதுவும் குறையவில்லை. பாவம், என் பயத்தைப் போக்க, வெட்டியாச்சென்று உம்மா பொய் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் மனம் நோகக் கூடாதே என்று, நம்பிவிட்டது போலத் தலையாட்டினேன்.